வீட்டிலிருந்தே வேலை: வருமானம் வரும் வழியும் சேமிப்பு போகும் வழியும்

வீட்டின் ஒரு மூலையில் மேசையும் மடிக்கணினியும் வைத்துக்கொண்டு அலுவலகப் பணி பார்ப்பது நம் நாட்டில் இப்போது புதுமை அன்று. புனேயிலுள்ள நிறுவனத்துக்கு இந்தூரிலிருந்து கணக்கு எழுதுபவர் உண்டு. குருகிராமத்து அழைப்பு மையத்துக்காக லக்னோவிலிருந்து பேசுபவர் உண்டு. கோழிக்கோட்டு வீட்டு மாடியிலிருந்து அயல்நாட்டு நிறுவனத்துக்குக் கட்டட வரைபடம் தீட்டி அனுப்புபவரும் உண்டு. இவர்களைக் கண்டு, "நமக்கும் அப்படி ஒரு வேலை அமையாதா?" என்று எண்ணுவோர் இவர்களைவிடப் பலர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், குழந்தைகளை விட்டு வெளியே செல்ல இயலாத தாய்மார்கள், படிப்பை முடித்து முதல் வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் ஆகியோர் இவ்வரிசையில் முன்னே நிற்கிறார்கள். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கும் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும் பணம் சார்ந்த சில செய்திகளை இக்கட்டுரையில் காண்போம். முன்னவர்களுக்குச் சொல்ல வேண்டியது குறைவு, பின்னவர்களுக்கே மிகுதி.

தொலைவிலிருந்து பணியாற்றும் எண்ணம் பிறந்து ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. 1973-இல் அமெரிக்கப் பொறியாளர் ஜாக் நில்ஸ் 'டெலிகம்யூட்டிங்' என்ற சொல்லை உருவாக்கினார். அலுவலகத்தில் ஒருவர் கையாள்வது வெறும் தகவல்தான் என்றால், தகவலை அவரிடம் அனுப்பாமல் அவரை ஏன் நாள்தோறும் நகரின் மறுகோடிக்கு அனுப்ப வேண்டும் என்பதே அவரது சிந்தனையின் அடிப்படை. சுவையான செய்தி என்னவென்றால், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அவர் நடத்திய சோதனையில் ஊழியர்கள் வீட்டிலேயே இருந்து பணியாற்றவில்லை. வீட்டுக்கு அருகே அமைத்த சிறு அலுவலகங்களுக்குச் சென்றார்கள். வீட்டில் கணினி வைக்கும் காலம் அப்போது பிறந்திருக்கவில்லை.

இந்தியாவில் வேலை முதலில் கடல் கடந்து வந்தது. வீட்டுக்குள் நுழைந்தது பின்னர்தான். 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூருவில் மையம் அமைத்து, செயற்கைக்கோள் இணைப்பின் வழியே தன் அமெரிக்க அலுவலகத்துடன் பணியைப் பகிர்ந்துகொண்டது. 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியது. அதன்பின் கால் நூற்றாண்டு வரையிலும் பெரும்பாலான நிறுவனங்கள் ஊழியரை அலுவலகத்துக்கு வரவழைத்தே வேலை வாங்கின. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோதுதான் அந்தப் பழக்கம் உடைந்தது.

சட்டமும் பின்தொடர்ந்து வந்தது. அழைப்பு மையங்களும் பிற வெளிப்பணி நிறுவனங்களும் தொலைத்தொடர்புத் துறையிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும், ஊழியர் வீட்டிலிருந்து பணியாற்ற வேண்டுமானால் வங்கி உத்தரவாதம் போன்ற நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும் என்றிருந்த விதிகளை மத்திய அரசு 2020 நவம்பர் 5 அன்று பெருமளவு நீக்கியது. சிறப்புப் பொருளாதார மண்டல நிறுவனங்களுக்கு 2022 ஜூலையில் தனி விதி வந்தது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், பணியின் இயல்பு இடம் கொடுத்தால் விடுப்பு முடிந்த தாய் வீட்டிலிருந்தே பணியாற்றுவதை முதலாளியுடன் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்று கூறியிருந்தது. 26 வார ஊதிய விடுப்பைப் பலர் அறிவர். அதே திருத்தத்தில் இருந்த இந்த வாய்ப்பை அறிந்தவர் குறைவு.

இனிப் பணத்துக்கு வருவோம். அலுவலகம் என்பது நாற்காலியும் விளக்கும் மட்டும் அன்று. அங்கே யாரோ ஒருவர் நமக்காகச் சம்பளப் பட்டியல் எழுதுகிறார். ஒருவர் வரியைப் பிடித்தம் செய்து அரசுக்குச் செலுத்துகிறார். ஒருவர் கணினியில் எதை நிறுவலாம், எதை நிறுவக் கூடாது என்று கட்டுப்படுத்துகிறார். வாயிற்காவலர் வருபவரின் அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விடுகிறார். வேலை வீட்டுக்கு வரும்போது இவர்களில் எவரும் உடன் வருவதில்லை. அவர்கள் செய்த வேலையில் பெரும்பகுதி நம் கைக்கு வந்து சேர்கிறது.

மாதச் சம்பளம் பெறுவோருக்கு இதில் சிக்கல் குறைவு. ஊர் மாறியிருந்தால் வங்கியில் முகவரியைப் புதுப்பிப்பது முதல் கடமை. வீட்டு வாடகைப்படிக்கான வருமான வரி விலக்கு பழைய வரிமுறையில் மட்டுமே உண்டு. அதுவும் உண்மையில் வாடகை செலுத்தினால்தான். மும்பையில் வாடகைக்கு இருந்தவர் சொந்த ஊருக்குத் திரும்பித் தம் பெயரிலுள்ள வீட்டிலிருந்து அதே வேலையைத் தொடர்ந்தால், அந்த மாதங்களுக்கு விலக்குக் கோர முடியாது. பெற்றோரின் வீட்டில் இருந்து அவர்களுக்கு வாடகை கொடுத்தால் கோரலாம். ஆனால் அத்தொகையைப் பெற்றோர் தம் வருமானமாகக் காட்ட வேண்டும். வாடகையை வங்கி வழியே செலுத்துவது இங்கே பெரிதும் உதவும்.

தனித்தொழிலாக, பணிக்கு இவ்வளவு கட்டணம் என்று பெறுபவர்கள் முதலில் செய்ய வேண்டியது, தொழில் வரவுக்கு ஒரு தனிக் கணக்கு. பள்ளிக் கட்டணமும் மளிகைச் செலவும் ஓடும் கணக்கிலேயே கட்டணமும் வந்து விழுந்தால், ஆண்டு இறுதியில் எது வருமானம், எது மைத்துனர் திருப்பிக் கொடுத்த கடன் என்று பிரித்தறிய முடியாமல் தவிக்க நேரும். கட்டணம் செலுத்தும் நிறுவனம் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் வரி பிடித்தம் செய்திருக்கும். தொழில்முறைக் கட்டணத்தில் இது பொதுவாக 10 விழுக்காடு. அது நம் நிரந்தரக் கணக்கு எண்ணில் (பான்) வரவாகியிருக்கிறதா என்று படிவம் 26ஏ.எஸ்.-இல் பார்க்கலாம். பொறியியல், கணக்கியல், தகவல் தொழில்நுட்பம் போன்ற குறிப்பிட்ட தொழில்களில் ஆண்டு வரவு 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், வரவில் பாதியை வருமானமாகக் காட்டி விரிவான கணக்கேடுகள் இன்றி வரி செலுத்தும் எளிய முறை உண்டு. ரொக்கமாகப் பெற்றது 5 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் அவ்வரம்பு 75 லட்சமாக உயரும். சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு, சேவைகளுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போதுதான் கட்டாயம். வாடிக்கையாளர் வேறு மாநிலத்தில் இருந்தாலும் இதுவே விதி.

அயல்நாட்டிலிருந்து கட்டணம் வந்தால் வங்கி அதன் நோக்கத்தைக் கேட்கும். அதற்குரிய குறியீட்டைச் சரியாகத் தந்து, வங்கி வழங்கும் அயல்நாட்டு வரவுச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். சேவை ஏற்றுமதி என்று மெய்ப்பிக்க அதுவே ஆவணம். நண்பர் ஒருவரின் கணக்கில் பெற்றுக்கொண்டு பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு இருவருக்கும் தொல்லை தரும்.

கருவிகளைப் பற்றி ஒரு சொல். பகலில் அலுவலகப் பணியும் மாலையில் பிள்ளையின் விளையாட்டும் ஒரே மடிக்கணினியில் நடக்கும் வீடுகள் உண்டு. இலவச விளையாட்டுடன் இறங்கும் தீய மென்பொருள், வங்கிக் கடவுச்சொல் எது, பள்ளிப் பாடம் எது என்று பார்த்துத் தொடுவதில்லை. பிள்ளைக்குத் தனிப் பயனர் கணக்கு அமைப்பது ஐந்து நிமிட வேலை. வை-ஃபை கருவி வாங்கிய அன்று இருந்த கடவுச்சொல்லை மாற்றுவதும் அவ்வாறே. காணொலிக் கூட்டத்தில் திரையைப் பகிரும்போது கைபேசிச் செய்திகள் கணினித் திரையில் தோன்றாதபடி நிறுத்தி வையுங்கள். ஒருமுறைக் கடவுச்சொல்லை நாம் யாரிடமும் சொல்லாவிட்டாலும், திரை பலருக்குக் காட்டிவிடும்.

இனி, வேலை தேடுவோருக்கு உரிய பகுதி. எங்கள் நோக்கில் இக்கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

2023 டிசம்பரில் மத்திய உள்துறை அமைச்சகம், பகுதிநேர வேலை என்ற பெயரிலும் முதலீடு என்ற பெயரிலும் மோசடி செய்துவந்த 100-க்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கியதாக அறிவித்தது. 'வீட்டில் அமர்ந்தபடியே வேலை' என்ற பொருள்படும் இந்திச் சொற்களைக் கொண்ட விளம்பரங்கள் பல மொழிகளில் பரப்பப்பட்டதையும், ஓய்வுபெற்றோர், பெண்கள், வேலையற்ற இளைஞர் ஆகியோர் குறிவைக்கப்பட்டதையும் அவ்வறிக்கை சுட்டியது. தளங்கள் முடங்கின, முறை முடங்கவில்லை. அது இயங்கும் விதத்தைப் படிப்படியாகப் பார்த்தால்தான் படித்தவர்களும் பதவி வகித்தவர்களும் ஏன் ஏமாறுகிறார்கள் என்பது விளங்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். "மேடம், வீட்டிலிருந்தே நாளுக்கு இரண்டு மணி நேர வேலை" என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி வருகிறது. அனுப்பியவர் பெயர் பெற்ற ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு என்று தம்மைக் கூறிக்கொள்கிறார். வேலை மிக எளிது: ஒரு காணொலிக்கு விருப்பக்குறி இடுவது, கூகுள் வரைபடத்தில் ஒரு விடுதிக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பது. மூன்று பணிகளை முடித்ததும் அவர் கணக்கில் 150 ரூபாய் வருகிறது. மெய்யாகவே வருகிறது. மறுநாள் 200 வருகிறது. அவரை டெலிகிராம் குழு ஒன்றில் சேர்க்கிறார்கள். அங்கே நாற்பது, ஐம்பது பேர் தாங்கள் பெற்ற தொகையின் படங்களை இட்டு மகிழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரே கும்பலின் பல பெயர்கள் என்பதை அவர் அறியார்.

மூன்றாம் நாள் 'முன்பணப் பணி' வருகிறது. 1,000 ரூபாய் செலுத்தினால் சிறிது நேரத்தில் 1,300 திரும்பும். திரும்புகிறது. அடுத்து 5,000. அதன் பிறகு திரும்பும் பணம் கணக்குக்கு வராமல் ஒரு இணையப் பக்கத்தில் எண்ணாக மட்டும் ஏறுகிறது. 40,000 செலுத்தியவருக்கு அங்கே 58,000 இருப்பதாகக் காட்டுகிறது. அதை எடுக்க முயன்றால், பணியில் பிழை நேர்ந்துவிட்டது, இன்னொரு பணியை முடித்தால்தான் எடுக்கலாம் என்கிறார்கள். பிறகு வரி, பிறகு அபராதம், பிறகு கணக்கைத் திறக்கும் கட்டணம். ஒவ்வொரு முறையும் அவர் செலுத்துவது பேராசையால் அன்று. முன்னே செலுத்தியதை மீட்கும் ஆசையால். நகைக்கடன் எடுத்துச் செலுத்துவதும், நிரந்தர வைப்பை முன்கூட்டியே முறிப்பதும் இந்தக் கட்டத்தில்தான் நிகழ்கின்றன. அவசரமாக வைப்பை முறிக்க வருபவரிடம் எங்கள் ஊழியர் காரணம் கேட்டால், அது வீண் ஆர்வம் அன்று. தயவுசெய்து சினம் கொள்ளாதீர்கள்.

முதலில் வந்த அந்த 150 ரூபாய் யாருடையது? பெரும்பாலும் மோசடிக்காரருடையது அன்று. வேறோர் ஊரில் முந்திய நாள் ஏமாந்த ஒருவருடையது. கொள்ளையிட்ட தொகையைப் பல கணக்குகள் வழியே சிதறடித்துத் தடம் மறைப்பது இக்கும்பல்களின் வழக்கம். நம்பிக்கை ஊட்டுவதற்காக அனுப்பப்படும் சிறு தொகையும் அந்த ஓட்டத்திலிருந்தே வருகிறது. அந்த முன்னவர் புகார் செய்யும்போது பணம் சென்ற வழியெல்லாம் தேடப்படும். வழியில் உள்ள கணக்குகளில் ஒன்று நம் ஆசிரியையுடையது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி காவல்துறை ஒரு கணக்கை முடக்க முடியும். ஓய்வூதியம் வரும் கணக்கும் அதற்கு விலக்கு அன்று. தாம் இழந்தவர் என்று நிற்க வேண்டியவர், தொலைதூர மாநிலக் காவல் நிலையம் ஒன்றுக்குத் தாம் குற்றமற்றவர் என்று விளக்கம் எழுதிக்கொண்டிருக்க நேரிடும்.

இதன் இன்னொரு வடிவம் மேலும் கொடியது. 'பணப் பரிவர்த்தனை உதவியாளர்' என்பது வேலையின் பெயர். உங்கள் கணக்கில் ஒரு தொகை வரும். அதில் 2 விழுக்காட்டை எடுத்துக்கொண்டு மீதியைச் சொல்லப்படும் கணக்குக்கு அனுப்ப வேண்டும். கல்லூரி மாணவர்கள் இதில் எளிதில் விழுகிறார்கள். சிலர் கணக்கையும் அதனுடன் இணைந்த சிம் அட்டையையும் மொத்தமாக வாடகைக்கே விடுகிறார்கள். இத்தகைய கணக்கு 'மியூல்', அதாவது சுமை தூக்கும் கோவேறு கழுதை என்று வங்கித் துறையில் வழங்கப்படுகிறது. இவற்றைக் கண்டறிய ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் பெங்களூருவில் 'மியூல்ஹண்டர்' என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை உருவாக்கியுள்ளது. கணக்கு நம் பெயரில் இருக்கும் வரை அதில் நடந்தவற்றுக்கு விடை சொல்ல வேண்டியவரும் நாமே. "எனக்குத் தெரியாது, கேட்டார்கள், கொடுத்தேன்" என்பது மாணவருக்கு வேலைவாய்ப்புக் காலத்தில் பெரிதாகக் கைகொடுக்காது.

தட்டச்சு வேலைப் பொறி சற்று வேறுபட்டது. பதிவுக் கட்டணம் பெரிதாக இராது. 'ஒப்பந்தம்' ஒன்றில் மின்னொப்பம் பெற்றுக்கொண்டு, பத்து நாளில் நூற்றுக்கணக்கான பக்கங்களைப் பிழையின்றித் தட்டச்சு செய்யச் சொல்வார்கள். முடிக்கவே முடியாத அளவு. கெடு தீர்ந்ததும் வழக்கறிஞர் பெயரில் அறிவிப்பு வரும்: ஒப்பந்தத்தை மீறியதற்கு இவ்வளவு ஆயிரம் செலுத்துக, இல்லையேல் வழக்கு. அச்சத்தால் செலுத்துபவர்கள் உண்டு. செலுத்த வேண்டியதில்லை. அறிவிப்பை வைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கோ, உண்மையான வழக்கறிஞரிடமோ செல்லுங்கள்.

அப்படியானால் மெய்யான வேலையை எப்படி அறிவது? நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்ப முடியாது. பெயரைத்தான் முதலில் திருடுகிறார்கள். இந்தியாவில் பதிவான ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 21 இலக்க அடையாள எண் உண்டு. நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். ஆனால் அது நிறுவனம் இருப்பதைக் காட்டுமே தவிர, உங்களிடம் பேசுபவர் அதன் ஊழியர் என்பதைக் காட்டாது. ஆகவே அவர் தந்த எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணை அழைத்து, இப்படி ஒரு பணியிடம் உண்டா என்று கேளுங்கள். மெய்யான நிறுவனம் உங்களைச் சோதிக்கும்: நேர்காணல் இருக்கும், சான்றிதழ் கேட்கும், முன்னாள் மேலாளரிடம் விசாரிக்கும். எதையும் கேட்காமல் வேலை கொடுப்பவருக்கு வேண்டியது உங்கள் உழைப்பு அன்று. சேர்ந்த பின் சம்பளச் சீட்டு வரும். 20 பேருக்கு மேல் பணியாற்றும் நிறுவனமானால் வருங்கால வைப்பு நிதிக்கான எண் பொதுவாகக் கேட்கப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலையில் பணம் ஒரே திசையில்தான் ஓடும்: கொடுப்பவரிடமிருந்து செய்பவரிடம். பதிவு, பயிற்சி, மடிக்கணினிக் காப்பீடு என எப்பெயரில் கேட்டாலும், உங்களிடமிருந்து அவரிடம் ஓடத் தொடங்கும் கணத்தில் அது வேலை இல்லை என்று முடிவு கட்டிவிடலாம். 'சம்பளம் பெற யூபிஐ பின் எண்ணை இடுங்கள்' என்பதும் இதே திசைமாற்றம்தான். பணத்தைப் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை.

ஏமாந்தது தெரிந்தால், முதல் மணி நேரம் விலைமதிப்பற்றது. 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். அல்லது தேசிய இணையக்குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்யுங்கள். புகார் பதிவானதும், பணம் எந்த வங்கிக்குச் சென்றதோ அந்த வங்கிக்குச் செய்தி போகும். அங்கே எஞ்சியிருப்பது நிறுத்தி வைக்கப்படும். நகர்ந்துவிட்டது என்றால் அடுத்த வங்கிக்குத் தேடல் தொடரும். இது ஓட்டப் பந்தயம். பணம் எடுக்கப்படுவதற்கு முன் பிடித்தால்தான் பயன். யூபிஐ வழியே சென்றதற்கு 12 இலக்கக் குறிப்பு எண் உண்டு. அதையும், தொகை, நேரம், பெற்றவரின் அடையாளம் ஆகியவற்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசினால் நிமிடங்கள் மிச்சமாகும். உடன் எங்கள் உதவி எண்ணுக்கும் தெரிவித்துவிடுங்கள். வாட்ஸ்ஆப், டெலிகிராம் உரையாடல்களை வெட்கத்தாலோ சினத்தாலோ அழித்துவிடாதீர்கள். அவை சாட்சியம்.

ஈடு பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் தவறின்றி மூன்றாம் நபர் ஊடுருவலால் நிகழும் இழப்பை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் அவருக்குப் பொறுப்பு இல்லை என்று பாதுகாப்பு வழங்கியது. ஆனால் மேலே விவரித்த மோசடிகளில் பணத்தை அனுப்புபவர் வாடிக்கையாளரே. பின் எண்ணை இடுபவரும் அவரே. ஆகவே அந்தப் பாதுகாப்பு இங்கே எளிதில் பொருந்தாது. இவ்வகை இழப்பில் நம்பக்கூடியது பெரும்பாலும் அந்த ஓட்டப் பந்தயத்தில் பிடிபடும் தொகையை மட்டுமே.

புகார் செய்த சில நாள்களில், "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் போதும்" என்று சைபர் பிரிவு, நீதிமன்றம், சில வேளை எங்கள் வங்கி என்ற பெயரிலும் அழைப்பு வரலாம். ஏமாந்தவர்களின் பட்டியலும் கைமாறி விற்கப்படும் சரக்குதான். 1930-இல் புகார் செய்யக் கட்டணம் எதுவும் இல்லை. நிறுத்தி வைக்கப்பட்ட தொகையை விடுவிக்கவும் எவருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டியதில்லை. அப்படி அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, அந்த எண்ணையும் முந்திய புகாருடன் சேர்த்துத் தெரிவியுங்கள்.